அண்ணா இறுக்கிய தக்கை

இந்த நினைவு மலரின் அட்டையில் அவருடைய முழுப்பெயரும் பெற்றோர் பெயரும் பிறந்த திகதியும் இருக்கின்றன. உள்ளே எழுத உட்கார்ந்தபோது அந்தப் பெயர் எனக்குக் கைக்கு வரவில்லை. வீட்டில் நாங்கள் இரண்டே பிள்ளைகள். அவர் எனக்கு அண்ணா. அப்படியே எழுதுகிறேன்.

அண்ணா திரியாயில் பிறந்தார். ஐயா வயலும் செய்தார், வயல் வேலை இல்லாத மாதங்களில் கடலுக்கும் போனார். நான் பிறந்தபோது அண்ணாவுக்கு ஒன்பது வயது. எனக்கு ஐந்து வயதாக இருக்கும்போது ஊரோடு இடம்பெயர்ந்தோம். ஐயாவின் மரவள்ளம் கரையிலேயே நின்றது. பிறகு அதை யாரும் காணவில்லை. அகதி முகாமில் ஐயா காய்ச்சலில் காலமானார். அண்ணா அப்போது ஒன்பதாம் வகுப்பு. ஐயாவின் முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்த மறுநாள் அவர் அம்மாவிடம், "நான் தொழிலுக்குப் போறன், தங்கச்சி படிக்கட்டும்" என்று சொன்னாராம். அம்மா மறுத்துப் பேசவில்லை. அதை நினைத்து அம்மா கடைசிவரை வருந்தினார். அண்ணா வருந்தியதாகக் காட்டிக்கொண்டதே இல்லை. எழுத்துக் கூட்டிப் படிப்பது அவருக்குக் கொஞ்சம் சிரமம். ஆனால் வானொலியில் காற்று, கடல் பற்றிய செய்தி வந்தால் அதை ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொல்வார்.

சாம்பல்தீவில் குடியேறிய பிறகு பல வருடம் மற்றவர்களின் வள்ளத்தில் போனார். சொந்தமாக வாங்கிய முதல் வள்ளத்தைக் கடல் ஊருக்குள் புகுந்த அந்த மார்கழி கொண்டுபோனது. அண்ணியும் அவரும் கோயில் மடத்தில் தங்கியிருந்தபடியால் உயிர் தப்பினார்கள். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இப்போது இருக்கும் பதினெட்டு அடிப் பைபர் வள்ளம் அவருடைய இரண்டாவது. ஐயாவினதையும் சேர்த்தால் எங்கள் குடும்பத்துக்கு மூன்றாவது. இனியொன்று போனால் வாங்குவதற்குத் தனக்கு வயது இல்லை என்று அண்ணா சொல்வார். அது வெறும் பேச்சு அல்ல.

அந்த வள்ளத்தின் பின்பக்கம் அடியில் பெருவிரல் அளவில் ஒரு துளை இருக்கிறது. கடலுக்குப் போகும்போது அதை ஒரு தக்கையால் அடைப்பார்கள். கரையில் ஏற்றி வைத்தால், மழைக்காலத்தில் தக்கையைக் கழட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் மழைத் தண்ணீர் உள்ளே தேங்கி வள்ளத்தைக் கெடுக்கும். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில், அண்ணா ஓட்டிய வள்ளங்களில் அது என் பொறுப்பாக இருந்தது. மழை இருட்டிக்கொண்டு வந்தால் ஓடிப்போய்த் தக்கையைக் கழட்டி, தொலையாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து வைக்க வேண்டும். ஒருமுறை தொலைத்துவிட்டேன். அண்ணா என்னைக் கை நீட்டி அடித்ததே இல்லை. அன்று அவர் ஏசிய ஏச்சு மட்டும் இன்றும் காதில் இருக்கிறது. அதன் பிறகு நான் தக்கையை என் பள்ளிக்கூடப் பைக்குள் வைத்தேன். வேறெங்கும் வைத்ததில்லை.

இவ்வளவு விளக்கமாக இதை எழுதக் காரணம் இருக்கிறது. அண்ணாவைப் பற்றி உங்களில் பலர் நம்பிக்கொண்டிருக்கும் ஒரு கதையை நான் திருத்த வேண்டும்.

போன கார்த்திகைக் கடைசியில் புயல் வருகிறது என்ற செய்தி பட்டினத்தில் நான் வேலை செய்யும் கந்தோருக்கு வந்தது. என் கணவர் வேலையாகக் கொழும்பில் நின்றார். மகள் மட்டக்களப்பில் பல்கலைக்கழக விடுதியில். நான் வீட்டைப் பூட்டிக்கொண்டு, அண்ணாவையும் அண்ணியையும் பட்டினத்துக்குக் கூட்டிவர என்று பஸ் ஏறிச் சாம்பல்தீவுக்குப் போனேன். கூட்டிவரப் போனவள் அங்கேயே மாட்டிக்கொண்டேன். அண்ணா வாசலில் நின்று சொன்னார்:

"வள்ளத்தைக் கட்டாமல் நான் எங்கயும் வரேல்லப் பிள்ளை. கட்டி முடிய பஸ் நிண்டிடும். நீ பேசாமல் உள்ள போய்ச் சாப்பிடு."

அன்று பின்னேரம் பதினொரு பேர் சேர்ந்து கரையில் நின்ற வள்ளங்களை ஒவ்வொன்றாக மேலே ஏற்றினார்கள். தென்னங்குற்றிகளைக் கீழே உருளவிட்டு இழுத்தார்கள். நானும் அண்ணியோடு போய்ப் பார்த்துக்கொண்டு நின்றேன். அண்ணியின் தம்பி தவம் எல்லோரையும் கேலியும் பகிடியும் பண்ணிக்கொண்டே இழுத்தார். அந்தக் கரையில் ஒரு வழக்கம் இருந்தது. யார் வள்ளம் ஏற்றினாலும் கயிற்றை அண்ணா ஒருமுறை இழுத்துப் பார்ப்பார். அவர் தலையை ஆட்டினால்தான் அவர்கள் வீட்டுக்குப் போவார்கள்.

மற்ற வள்ளங்களை முன்பக்கம் மட்டும், கடல் பக்கம் பார்க்கக் கட்டியிருந்தார்கள். அந்த மாதத்தில் அங்கே வாடைக்காற்று. அது கடலிலிருந்துதான் வரும். அண்ணா தன்னுடையதை முன்னால் இரண்டு பனைகளோடு தடித்த கயிற்றால் கட்டினார். பிறகு பின்னால் போய், தரைப் பக்கம் இடுப்பளவு ஆழத்துக்குக் கிடங்கு வெட்டி, நங்கூரத்தைப் புதைத்து, அதோடும் கட்டினார்.

தவம் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தார். என் பக்கம் தலையை ஆட்டிக் கேட்டார்: "அத்தான், காத்து வயல் பக்கத்தால வருமெண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது? மச்சாள் கந்தோரிலயிருந்து கடிதம் கொண்டந்தவவோ?"

"ஒரு பக்கத்தால வாற காத்து மற்றப் பக்கத்தாலயும் திரும்பி வரும் மச்சான். மற்ற ஆக்களையும் பின்னால கட்டச் சொல்லு."

"பொழுது படுது அத்தான். நீங்கள் நங்கூரத்தைத் தாட்டு முடியிறதுக்குள்ள புயல் வந்து போயிடும்."

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணாவும் சிரித்தார். பிறகு வள்ளத்தின் பின்பக்கம் குனிந்தார். அப்போதுதான் என் மகளின் அழைப்பு வந்தது. அவளோடு பேசிக்கொண்டே நான் தள்ளிப் போனேன். விடுதியிலேயே நிற்பதா, சினேகிதியின் வீட்டுக்குப் போவதா என்று அவள் கேட்டாள். விடுதியை விட்டு அசையாதே என்று நான் சொன்னேன். திரும்பி வந்தபோது வேலை முடிந்திருந்தது.

நான் தள்ளி நின்ற நேரத்தில் அண்ணா செய்ததைப் புயல் போன பிறகுதான் அண்ணி எனக்குச் சொன்னார். தக்கைக்குத் துணி சுற்றி, துளையில் வைத்து, உள்ளங்கையால் இரண்டு தரம் அடித்து இறுக்கியிருக்கிறார். "இந்த முறை இது கிடக்கட்டும். மழைத் தண்ணி உள்ள நிறையட்டும். பாரம் இருந்தால் காத்து தூக்காது" என்று சொல்லியிருக்கிறார். அங்கே நின்ற எல்லோருக்கும் அது கேட்டது. எனக்கு மட்டும் கேட்கவில்லை.

மறுநாள் காலை மழை வேறுவிதமாகப் பெய்தது. மத்தியானத்துக்குள் எல்லோரும் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும் என்று கிராம சேவகர் வந்து சொன்னார். அண்ணாவும் தவமும் இஞ்சினையும் வலைகளையும் வீட்டுக்குள் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒன்பது மணிக்குப் பிறகு என் மகளின் தொலைபேசி வேலை செய்யவில்லை. நான் எத்தனை தரம் அழுத்தினேன் என்று தெரியாது. மட்டக்களப்புப் பக்கம் வெள்ளம் என்று யாரோ சொன்னார்கள். விடுதியை விட்டு அசையாதே என்று சொன்னவள் நான். விடுதி பள்ளத்தில் இருக்கிறதா மேட்டில் இருக்கிறதா என்று எனக்கு நினைவு வரவில்லை. மூன்று தரம் அங்கே போய் வந்திருக்கிறேன், ஆனாலும் நினைவு வரவில்லை.

மழை சற்று விட்ட நேரத்தில், கரைப் பக்கம் சிக்னல் கிடைக்குமா என்று பார்க்கக் குடையோடு போனேன். கிடைக்கவில்லை. வள்ளத்தருகே நின்றேன். உள்ளே பாதிக்கு மேல் தண்ணீர் நின்றது. ஒரு பிளாஸ்டிக் கோப்பை அதில் மிதந்து சுற்றிக்கொண்டிருந்தது. அண்ணா அவசரத்தில் தக்கையை மறந்துவிட்டார் என்று நினைத்தேன். மனம் பதறினால் என் கை சும்மா இருக்காது. என்னோடு வேலை செய்தவர்களுக்கு அது தெரியும். பின்னால் போய்க் குனிந்து, இரண்டு கையாலும் திருகி இழுத்துக் கழட்டினேன். இலகுவில் வரவில்லை. நகம் ஒன்று உடைந்தது.

தண்ணீர் சத்தத்தோடு மணலில் பாய்ந்தது. காலையிலிருந்து நான் செய்த ஒரே உருப்படியான காரியம் இதுதான் என்று எனக்குத் தோன்றியது. அந்தச் சத்தம் ஆறுதலாக இருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும். தக்கையைத் துடைத்துக் கைப்பைக்குள் வைத்து மூடினேன். வீட்டுக்கு வருவதற்குள் அதை மறந்தும்விட்டேன். தொலைபேசியைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

மத்தியானம் பள்ளிக்கூடத்தில் இருந்தோம். காற்று கடல் பக்கத்திலிருந்து அடித்தது. அண்ணா மேசையொன்றில் சாய்ந்திருந்து என்னைப் பார்த்து, "மருமோள் கெட்டிக்காரி. உன்னைப்போலப் பயந்தாங்கொள்ளி இல்லை. ஃபோனில சார்ஜ் இராது" என்று சொன்னார். எனக்குக் கோபம் வந்தது.

மூன்று மணிக்குப் பிறகு காற்று கொஞ்ச நேரம் அடங்கியது. பிள்ளைகள் வெளியே ஓடினார்கள். பிறகு கூரைத் தகரம் மறுபக்கத்தில் அடிக்கத் தொடங்கியது. அண்ணா எழும்பினார்.

"தவம், காத்து திரும்பீட்டுது. வா ஒருக்காப் பாத்திட்டு வருவம்."

"உங்கட நங்கூரம் தாண்டுதானே கிடக்கு அத்தான்."

"வா எண்டால் வா."

அண்ணி அவருடைய கையைப் பிடித்தார். நானும் ஏதோ சொன்னேன். அவர் போய்விட்டார். பொழுதுபடும் நேரம்வரை அவர்கள் வரவில்லை.

கரையில் நடந்ததைத் தவம் பிறகு பலருக்குப் பலமுறை சொல்லிவிட்டார். முன்னால் மட்டும் கட்டிய வள்ளமொன்று கயிற்றை அறுத்துக்கொண்டு கடலுக்கே போயிருந்தது. அண்ணாவின் வள்ளம் பின்பக்கம் எழும்பி, ஒரு பக்கம் சரிந்து, புதைத்த நங்கூரத்தின் கயிற்றில் துடித்துக்கொண்டு நின்றது. உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. தக்கையைக் காணவில்லை. காற்று ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் நங்கூரம் மண்ணைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துகொண்டிருந்தது. இரண்டு பேரும் சரிந்த வள்ளத்தை அமுக்கி நிமிர்த்தி உள்ளே ஏறினார்கள். அண்ணா தன் சட்டையைக் கழட்டிச் சுருட்டித் துளைக்குள் திணித்தார். பிறகு இருவரும் பின்பக்கத்தில், காற்றுக்கு முதுகைக் கொடுத்துப் பாரமாக உட்கார்ந்தார்கள். மழை உள்ளே நிறையும்வரை அப்படியே இருந்தார்கள். இரண்டு மணித்தியாலத்துக்கு மேல்.

"தரையில நிண்ட வள்ளத்தில தொழிலுக்குப் போன ஆக்கள் நாங்கள் ரெண்டு பேரும்தான்" என்று தவம் பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் சொன்னார். அவருக்கும் உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. அண்ணா வெறும் மேலோடு சுவரில் சாய்ந்திருந்து இருமினார். துடைக்கத் துவாய் எடுக்க நான் கைப்பையைத் திறந்தேன். விரலில் தக்கை பட்டது.

பையை மூடினேன். துவாய் இல்லை என்று சொன்னேன். அண்ணி தன் சேலைத் தலைப்பால் அவரைத் துடைத்துவிட்டார்.

அந்த நேரத்தில் தவம் கேட்டார்: "அத்தான், நாப்பது வருசம் கடலுக்குப் போனனீங்கள். ஒரு தக்கையை ஒழுங்கா இறுக்கத் தெரியேல்லையே?"

நான் மூடிய பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டேன். அண்ணா இருமி முடித்தார். பிறகு சொன்னார்: "ஓம் மச்சான். வயசு போட்டுது. கை முந்தினமாதிரி இறுகேல்ல."

மறுநாள் மத்தியானம், நாங்கள் வீட்டுக்குத் திரும்பிய பிறகு, மகள் அழைத்தாள். "அம்மா, ஃபோன் செத்துப்போச்சு. கரண்டும் இல்லை. நான் நல்லா நித்திரை கொண்டனான்" என்றாள். விடுதி மேட்டில்தான் இருந்தது. நான் குசினிக்குள் போய் அடுப்படியில் நின்று அழுதேன். எதற்காக அழுதேன் என்று அண்ணி நினைத்தாரோ, அது பாதிதான் சரி.

வள்ளத்தில் ஒரு வெடிப்பு மட்டும்தான். அதை ஒட்டிவிட்டார்கள். ஆனால் கரையில் அந்தக் கதை நின்றது. அண்ணாவைக் கண்டால், "அண்ணை, தக்கை இருக்கோ?" என்று கேட்பார்கள். வன்மமில்லாத பகிடிதான். அவரும் சட்டைப் பையைத் தட்டிக் காட்டிச் சிரிப்பார். தை மாதம் மறுபடி கடல் குழம்பியபோது வள்ளங்களை மேலே ஏற்றினார்கள். அன்று கயிற்றை இழுத்துப் பார்க்க யாரும் அண்ணாவைக் கூப்பிடவில்லை. அவர் வழக்கம்போல எழும்பிப் போய், கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, வீட்டுக்கு வந்து கதிரையில் சாய்ந்து இருந்தாராம். அண்ணி இதைச் சாதாரணமாகத்தான் எனக்குச் சொன்னார். அன்று நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அதற்கு முன்பும் பல நாள் சொல்லியிருக்கலாம். கந்தோர், மகளின் பரீட்சை, மழை என்று நாட்களைத் தள்ளினேன்.

மாசியில் அவருக்கு மூச்செடுக்க முடியாமல் வந்தது. பட்டினத்து ஆஸ்பத்திரியில் பத்து நாள் இருந்தார். இருதயம் பல வருடமாகவே பலவீனமாக இருந்திருக்கிறது, புயலில் நனைந்ததற்கும் இதற்கும் தொடர்பில்லை என்று வைத்தியர் பொறுமையாக எனக்கு விளங்கப்படுத்தினார். நான் இரண்டு தரம் கேட்டேன். இரண்டு தரமும் அதையே சொன்னார். அதை நம்ப முயல்கிறேன்.

எட்டாவது நாள் பார்வையாளர் நேரத்தில் அண்ணி அவருக்குப் பாலில்லாத பிளேன்ரீ வாங்கப் போயிருந்தார். அண்ணா என்னை அருகே வரச் சொன்னார்.

"பிள்ளை, உன்ர பைக்குள்ள ஒரு தக்கை கிடக்கும். அதைத் தவத்திட்டக் குடு. புதுசா வாங்கினது சரியில்லை, ஒழுகுது."

என் கை தானாகப் பைக்குப் போனது. "உங்களுக்குத் தெரியுமோ அண்ணா?"

"நான் அடிச்சு இறுக்கின தக்கை தானாக் கழலாது. வேற ஆரும் கழட்டினால் அதிலயே போட்டிட்டுப் போயிருப்பினம். எடுத்துப் பைக்குள்ள கவனமா வைக்கிற ஆள் நீ ஒருத்திதான்."

"எல்லாரும் பகிடி பண்ணேக்க ஏன் பேசாமல் இருந்தனீங்கள்?"

"பண்ணினால் என்ன? நீ அண்டைக்குப் பிள்ளையை நினைச்சு அரை உயிரா நிண்டனீ. உன்னை நாலு பேர் ஒருமாதிரிப் பாக்க விடேலுமோ? அதோட, மழைக்குத் தக்கையைக் கழட்டு எண்டு உனக்குப் படிப்பிச்சது நான். இந்த முறை கழட்டாதை எண்டு உனக்குச் சொல்லாமல் விட்டதும் நான். ஆருக்கும் சொல்லித் திரியாதை."

அண்ணி பிளேன்ரீயோடு வந்தார். அண்ணா சீனி குறைவு என்றார். மூன்றாம் நாள் விடியற்காலையில், அண்ணியின் கையைப் பிடித்தபடி அமைதியாகக் காலமானார்.

நான் சின்ன வயதிலிருந்து அண்ணா சொன்ன எதையும் மீறியதில்லை. இந்த ஒன்றை மீறுகிறேன். சாம்பல்தீவுக் கரையில் அவருடன் தொழில் செய்த எல்லோருக்கும் அறியத் தருகிறேன்: அண்ணா இறுக்கிய தக்கை தானாகக் கழலவில்லை. நான் கழட்டினேன். அவர் கட்டிய பின்கயிறும் அறவில்லை. அவருடைய கை கடைசிவரை இறுக்கமாகத்தான் இருந்தது.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். பத்து நாளும் அண்ணாவைத் தங்கள் வீட்டு மனிதர்போலப் பார்த்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும். செய்தி கேட்டவுடன் ஓடி வந்து, பந்தல் போட்டு, மூன்று நாள் அடுப்பு மூட்டவிடாமல் சாப்பாடு கொண்டுவந்த அயலவர்களுக்கும். குச்சவெளியிலிருந்து தன் லொறியில் கதிரைகளை ஏற்றி வந்து, இறக்கி, ஒரு வாய்த் தண்ணீரும் குடிக்காமல் திரும்பிய, அண்ணா நானா என்று கூப்பிடும் நெடுநாள் மீன் வியாபாரச் சிநேகிதருக்கும். அன்று தொழிலுக்குப் போகாமல் வள்ளங்களைக் கரையில் நிறுத்திவைத்துத் தோள் கொடுத்தவர்களுக்கும். வெளிநாடுகளிலிருந்து தொலைபேசியில் எங்களோடு அழுதவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இரண்டு மணித்தியாலம் அண்ணாவுக்குப் பக்கத்தில் நனைந்துகொண்டிருந்த தவத்துக்கு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. வள்ளத்தை இனி அவர்தான் அண்ணிக்காக ஓட்டப்போகிறார்.

முப்பத்தோராம் நாள் கிரியைகள் முடிந்து இந்த மலர் உங்கள் கைக்கு வரும்போது தவமும் இதைப் படித்திருப்பார். பகிடி பண்ணுவாரோ, பேசாமல் இருப்பாரோ தெரியாது. சாப்பாடு முடிய நான் அவரோடு கரைக்குப் போவேன். தக்கை என் பைக்குள் இருக்கிறது. அண்ணா சுற்றிய துணியும் அதிலேயே இருக்கிறது, நான் அவிழ்க்கவில்லை.

தங்கச்சி